கருவி வந்தது நல்லது, ஆசிரியரை எடுத்துவிடாதே!

(அயோத்தியாப்பட்டணத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. நம் வட்டாரத்தில் தறியில் உட்காருகிறவர் உண்டு. கொலுசுப் பட்டறையில் கண்ணைக் கொடுத்து உழைக்கிறவர் உண்டு. மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்குகிறவர் உண்டு. விடிந்ததும் பஸ் ஏறிச் சேலத்துக்கு வேலைக்குப் போகிறவர் உண்டு. இவர்கள் வீட்டுப் பிள்ளை போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால், அப்பனுக்குத் தெரியாத சங்கதி மட்டுமல்ல, சில சமயம் ஆசிரியருக்கே தெரியாத சங்கதியும் திரையில் வந்து நிற்கிறது. உடனே ஒரு கேள்வி கிளம்புகிறது: "இனி வாத்தியார் எதற்கு?"

இதைக் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பிள்ளை கேட்டால் அது விளையாட்டு. பாடத்தை விலைக்கு விற்கும் கம்பெனி கேட்டால் அது வியாபாரம். சம்பளச் செலவைக் குறைக்க நினைக்கும் சர்க்கார் கேட்டால் அது ஆபத்து! இந்த மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கருவியைக் கண்டு நமக்குப் பயமில்லை. உழைப்பவன் கைக்கு நல்ல கருவி வந்தால் வரவேற்கிறவர்கள் நாம். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர் கைகளுக்குப் போயின. எத்தனையோ குடிசைகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அது தர்மமல்ல, ஜனங்கள் கட்டிய வரிப்பணம் ஜனங்களிடமே திரும்பி வந்தது. 2018ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சதுரக் கட்டம் அச்சாகியிருந்தது. போனை அதற்கு நேரே காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023ல் மணற்கேணி என்ற செயலி வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்களே.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்! 2012ல் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர் முதலியவற்றைச் சொல்லித்தர 16,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். மாதச் சம்பளம் எவ்வளவு? 5,000 ரூபாய்! அந்தத் தொகை பத்தாயிரத்தைத் தாண்டவே பத்தாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. பெட்டியை வாங்கக் கோடிக் கணக்கில் பணம் இருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லித்தருபவனுக்கு நிரந்தர வேலை கொடுக்கப் பணமில்லை. இது என்ன நியாயம்?

இனி வகுப்பறைக்குள் போவோம். முன்பு பாடம் ஆசிரியரிடமிருந்தும் புத்தகத்திலிருந்தும் மட்டுமே வரும். அவர் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள். இன்று பிள்ளை பாடத்தின் படத்தை முன்னாலேயே பார்த்துவிட்டு வருகிறான். "ஐயா, நீங்கள் சொல்வது ஒன்று, போனில் போட்டிருப்பது வேறொன்று" என்கிறான். சில ஆசிரியர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் பிள்ளையைத்தானே நாம் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்?

அந்தத் திறமையைப் பள்ளிக்கூடமே பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதற்குப் பக்கத்து ராஜ்யமான கேரளம் சாட்சி. அங்கே 2001லேயே பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்கென்று தனித் திட்டம் தொடங்கினார்கள். கம்பெனிக்கு உரிமைப் பணம் கட்ட வேண்டாத சுதந்திர மென்பொருளைப் பள்ளிகளில் பழக்கினார்கள். 2018ல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கங்களை உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்தார்கள். வகுப்பிலுள்ள கருவி பழுதானால் பார்ப்பது, படம் தயாரிப்பது, நிரல் எழுதுவது, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எல்லாம் இந்த மாணவர்களின் வேலை. 2022ல் தாய்மார்களை உட்காரவைத்து, இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று வகுப்பே நடத்தினார்கள். அதனால் அங்கே ஆசிரியருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. அந்தச் சங்கங்களை நடத்துகிறவர்களே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தான்!

எல்லாப் பிள்ளைகள் கையிலும் கருவி இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. 2017–18ல் மத்திய சர்க்கார் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு 4 வீடுகளில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. இணைய வசதி 15 வீடுகளில்தான். இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள், பாடம் போனுக்குப் போயிற்று. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். போனை அப்பன் வேலைக்கு எடுத்துப் போனால் மூவருக்கும் படிப்பு இல்லை. வீட்டு நெருக்கடியில் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது இங்கேயுள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

விட்டுப்போன படிப்பை எப்படிச் சரிசெய்தார்கள்? இன்னொரு செயலியாலா? இல்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தந்தவர்கள் மனிதர்கள். பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். திரையால் முடியாததை மனுஷி செய்து காட்டினாள்; ஆனால் அவள் உழைப்புக்கு உரிய விலை கிடைக்கவில்லை. இதை மறக்கக் கூடாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பது மெய்தான். கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுத்த 2024ஆம் ஆண்டு 'அசர்' அறிக்கை என்ன சொல்கிறது? 14 முதல் 16 வயதுள்ளோரில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட் போனை இயக்கத் தெரியும். கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர் 57 பேர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர் 76 பேர். சொந்தமாகப் போன் வைத்திருப்பதில் பெண்பிள்ளைகள் பையன்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். இதிலிருந்து தெரிவது என்ன? கருவியை இயக்கத் தெரிவது ஒன்று, அதைக்கொண்டு கற்பது வேறொன்று. முதலாவதைப் பிள்ளைகள் தாங்களே பழகிக்கொள்வார்கள். இரண்டாவதற்கு ஆசிரியர் வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் தெளிவாகிவிட்டது. கட்டுரை எழுது என்றால் எழுதுகிறது, கணக்குப் போடு என்றால் போடுகிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது? மனிதர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் படிக்கவைத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துத் தரும்படி செய்திருக்கிறார்கள். மெய்யைச் சொல்லும்போதும் பொய்யைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான். சேலத்து ஜவ்வரிசித் தொழிலைப் பற்றிக் கேட்டால் ஒரு பக்கம் எழுதித் தந்துவிடும். அதில் எது சரி? சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981ல் ஏன் அமைந்தது? கிழங்குக்கு வியாபாரி வைத்ததுதான் விலை என்றிருந்தபோது விவசாயி பட்டது என்ன? ஆலைக்குப் போய்ப் பாருங்கள், காட்டுக்காரரைக் கேளுங்கள், இயந்திரம் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்புகிறவர்தான் இன்றைக்கு வேண்டிய ஆசிரியர். தகவல் சொல்லும் வேலை அவருக்குக் குறையலாம். தகவலைச் சோதிக்கக் கற்றுத்தரும் வேலை பல மடங்கு கூடிவிட்டது.

ஆனால் அதற்கு அவருக்கு நேரம் எங்கே? புள்ளிவிவரம் ஏற்று, படம் எடுத்து அனுப்பு, எமிஸில் பதிவு செய் என்று ஆசிரியரைக் குமாஸ்தா ஆக்கிவிட்டதாக ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கின்றன. கற்பிப்பதை எளிதாக்க வந்த கருவி, கற்பிப்பவனைக் கண்காணிக்கும் கருவியாகிவிடக் கூடாது.

கம்பெனியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பைஜூஸ் என்ற பாடக் கம்பெனியின் மதிப்பு 2022ல் 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024 ஜூலையில் அதே கம்பெனி மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவாயிற்று. முதலீடு போட்டவன் லாபம் இருக்கும்வரை நிற்பான், நஷ்டம் வந்தால் கடையைக் கட்டுவான். பள்ளிக்கூடம் அப்படிக் கடையைக் கட்ட முடியுமா?

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்களை நிரப்பு! கம்ப்யூட்டர் ஆசிரியரைப் பகுதிநேரக் கூலியாக வைக்காதே, நிரந்தரமாக்கு!

இரண்டு: பதிவேட்டு வேலைக்குத் தனி ஊழியரைப் போடு, ஆசிரியரை வகுப்பறைக்கு விடு!

மூன்று: ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தடைப்படாத இணையம் கொடு! வீட்டில் போன் இல்லாத பிள்ளை, முக்கியமாகப் பெண்பிள்ளை, பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து படிக்க இடமும் கருவியும் கொடு!

நான்கு: பிள்ளைகளின் பாடமும் அவர்களைப் பற்றிய விவரமும் பொதுச்சொத்து, கம்பெனிகளுக்கு விற்காதே!

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்ததை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குப் போன் இல்லையென்றால் உங்கள் போனில் அவனும் பார்க்கட்டும். ஆசிரியர்களே, பிள்ளையிடம் கற்பது தாழ்வல்ல. பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். என்ன கருவி வந்தது, எது ஓடுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் பூட்டுத் திறக்கும்.

கருவி நம் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. ஆசிரியரை அவர்கள் பக்கத்திலேயே நிறுத்திவைப்பது நம் பொறுப்பு!