நூலகத்தின் கொல்லைப்புறம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர், "நூலகத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். போகிற போக்கில், "போர் அடிக்காம பாத்துக்கங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்களைப் பார்த்து "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். என்னைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை.

நான் ஒடுகத்தூர்க்காரன். ஜவ்வாது மலை அடிவாரம். 1976 முதல் 1979 வரை அணைக்கட்டு வழியாக பஸ்ஸில் வந்து இங்கே படித்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை. அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. இந்த ஆட்டுச் சந்தையைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

படிப்பு முடித்து, நூலக அறிவியல் படித்து, 1981-இல் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். 2017-இல் ஓய்வு பெற்றேன். எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

நீங்கள் நூலகத்துக்குப் போனால் பார்ப்பது முன்கட்டு மட்டும்தான். அலமாரி, மேஜை, மின்விசிறி, கவுன்ட்டரில் சிடுசிடுவென்று ஓர் ஆள். கொல்லைப்புறத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு புத்தகம் கடையிலிருந்து வந்து உங்கள் கைக்குச் சேர்வதற்குள் எத்தனை பேர் கை மாறுகிறது தெரியுமா? முதலில் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அக்செஷன் ரிஜிஸ்டர் என்கிற சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று மாதிரி. தலைப்புப் பக்கத்தில் முத்திரை, கடைசிப் பக்கத்தில் முத்திரை, உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், ஓய்வு பெற்றாலும் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் பொருள் பார்த்துப் பகுப்பு எண், பட்டியல் அட்டை, முதுகில் லேபிள். இவ்வளவும் ஆனபிறகுதான் அலமாரி. அலமாரியில் வைத்தால் வேலை முடிந்ததா? ராமபாணப் பூச்சியும் கரையானும் எங்களைவிட நேரம் தவறாமல் வேலைக்கு வரும்.

இந்த வேலைக்கெல்லாம் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே தனிமை தாங்காமல் "வகுப்பறைக்கே திரும்பிப் போகிறேன்" என்று பழைய கல்லூரி வாசலில் போய் நின்றார் என்பார்கள். "முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்களாம். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில துண்டுகளைத் திருகாணி போட்டு மாற்றி மாற்றிச் சேர்த்தால் விதவிதமான பொம்மை வருகிறது. பொருள்களையும் இப்படித் துண்டாக்கி, நடுவில் முக்காற்புள்ளி போட்டுச் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். அதுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925-இல் திரும்பி வந்தவர் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது அதுகூட அல்ல. வாசகர்களை அலமாரிக்கு உள்ளேயே விட்டார். அதற்கு முன்பெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். "உள்ளே விட்டால் திருடிக்கொண்டு போய்விடுவார்கள்" என்று பயந்த காலம். புத்தகம் பயன்படுவதற்குத்தான், பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதை 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. ஒரு புத்தகம் தப்பான இடத்தில் இருந்தால் இரண்டு விதியும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம் என்று. அதை நான் என் தவறாலேயே கற்றுக்கொண்டேன்.

1987 ஏப்ரல் மாதக் கடைசி. தேர்வு நேரம். எல்லாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற கூட்டம். அப்போது கணினி கிடையாது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். நீங்கள் புத்தகம் எடுக்கும்போது அந்த அட்டையை உங்கள் டிக்கெட் உறைக்குள் செருகித் தேதிவாரியாகத் தட்டில் அடுக்கி வைப்போம். திருப்பித் தரும்போது அட்டையைத் தேடி எடுத்துப் புத்தகத்தில் வைத்து, டிக்கெட்டை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பையன் கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூலின் ஒரு பாகத்தை நீட்டினான். 1915 முதல் பகுதி பகுதியாக வந்த நூல் அது. கேம்பிள் 1925-இல் இறந்தபிறகு ஃபிஷர் என்பவர் தொடர்ந்து எழுதி 1936-இல் முடித்தார். பிறகு இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1957-இல் மூன்று பாகமாக மறுபதிப்புப் போட்டது. தென்னிந்தியச் செடிகொடிகளை ஆராய்கிறவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது.

அந்தத் தேதித் தட்டு பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்தது. "நாளைக்கு வந்து டிக்கெட் வாங்கிக்கப்பா" என்று சொல்லிப் புத்தகத்தைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டேன். மறந்தும் போனேன்.

அவன் மறுநாள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நிலுவையில்லாச் சான்றுக்கு வந்தான். தட்டில் அட்டை அப்படியே இருக்கிறது. அலமாரியில் புத்தகம் இல்லை. "சார், உங்க கைலதானே சார் குடுத்தேன்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட்டை பொய் சொல்லுமாப்பா?" என்றேன். எனக்கு உண்மையாகவே நினைவில்லை. அட்டையை நம்பினேன், ஆளை நம்பவில்லை.

ஒரு பாகம் தொலைந்தாலும் மூன்று பாகத்துக்கும் விலை கட்ட வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் அபராதம். நானூறு ரூபாய்க்கு மேல் வந்தது. மூன்று வாரம் கழித்து வந்து கட்டினான். ரசீதில் முகவரி எழுதும்போதுதான் பார்த்தேன், ஒடுகத்தூருக்கு மேலே மலையில் ஓர் ஊர். "நம்ம பக்கமாப்பா நீ?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

1993 கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு. அலமாரி அலமாரியாக ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது. இந்திய வரலாற்று அடுக்கில் என் கை ஒரு தடித்த புத்தகத்தில் பட்டது. கேம்பிள்.

எப்படி வரலாற்றுக்குப் போனது? நாங்கள் பின்பற்றியது டூயி தசமப் பகுப்பு முறை. அதில் இந்தியத் தாவரங்களுக்கு 581.954. இந்திய வரலாற்றுக்கு 954. முதுகு லேபிளில் இடம் போதாது என்று 581-ஐ ஒரு வரியிலும் .954-ஐ அடுத்த வரியிலும் தட்டச்சு செய்வோம். அந்தப் புத்தகத்தில் மேல் வரி உரிந்து போயிருந்தது. மிச்சம் இருந்தது 954 மட்டும். அடுக்கிய ஆள் எண்ணைப் பார்த்துச் சரியாகத்தான் அடுக்கியிருக்கிறார். உள்ளே உறை காலி, அட்டை இல்லை. அதைப் பார்த்ததும்தான் அந்த ஏப்ரல் மாதக் கூட்டமும், நீட்டிய கையும், நான் சொன்ன "நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா"வும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். அந்த வருஷக் கணக்கு எப்போதோ தணிக்கை முடிந்துவிட்டது, வழியில்லை என்றார்கள். என் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்போது அந்த ஊருக்குப் போக நடைதான். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அவன், இல்லை, அவர், மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். அவருடைய அப்பாதான் முதலில் பேசினார். "ரெண்டு ஆட்டை வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஓட்டிக்கினு போனேன் சார், அவசரத்துக்கு வித்ததால பாதி வெலைதான் வந்திச்சி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சான்று தாமதமானதால் ஒரு கல்லூரி நேர்முகத் தேர்வு தவறிப்போனதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பணத்தை நீட்டினேன். மகன் வாங்கவில்லை. "பணம் வேணாம் சார். நான் குடுத்துட்டேன்னு எழுத்துல குடுங்க" என்றார்.

அந்த ஒரு கடிதத்துக்கு நான்கு மாதம் ஆயிற்று. நூலகம் தவறு செய்தது என்று எழுத எந்த நூலகமும் விரும்பாது. கடைசியில் என் தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு விளக்கக் குறிப்பு கேட்டு ஓலை வந்தது. அதையும் வாங்கிக்கொண்டு, முத்திரையோடு கடிதத்தை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். படித்துப் பார்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அவருடைய அம்மா களி கிண்டிப் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு இறங்கினேன்.

தம்பிகள் சிரிப்பது தெரிகிறது. "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப பார்கோடு இருக்கு" என்கிறீர்கள். உண்மைதான். இன்றைக்கு நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்ட கோஹா என்ற மென்பொருளை இலவசமாக எடுத்து நம் கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. சோத்கங்கா என்ற தளத்தில் நாடு முழுவதும் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படிக்கலாம். மலைமேல் டவர் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்தால் அங்கிருந்தும் படிக்கலாம். அந்த ஆசிரியருக்கு 1987-இல் இது இருந்திருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சம்! ஆனால் ஒன்று. திரையில் "அவைலபிள்" என்று வரும். புத்தகம் உள்ளே வந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்தத் திரைக்குத் தெரியாது. நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் கிடைக்கக்கூடாதென்று வேறு அலமாரியில் ஒளித்து வைக்கிறீர்களே, தேர்வுக்கு முந்தின வாரம், அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மனுஷன் அடுக்கு அடுக்காகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். நானும் இங்கே படிக்கும்போது ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த வேதியியல் புத்தகத்துக்காக இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல்வர் அவர்களின் அனுமதியோடு, மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் கல்லூரி நூலகத்துக்கு வந்து அடுக்குகளைச் சரிபார்க்கப் போகிறேன். லேபிள் உரிந்ததை ஒட்டுவது, இடம் மாறியதை எடுத்து வைப்பது, அவ்வளவுதான். ஒரு ஆளால் ஆகாது, நான்கைந்து பேர் வேண்டும். கண்ணாடி போட்ட என் வகுப்பு நண்பர்களும் வரலாம், ஆனால் மேல் தட்டுக்கு ஏற உங்களை விடமாட்டேன், அதற்குத் தம்பி தங்கைகள் வேண்டும். தூசிக்குப் பழைய துணி ஒன்று கொண்டுவாருங்கள். டீ சங்கச் செலவு என்று செயலாளர் இப்போதுதான் தலையாட்டினார். பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் கொடுக்கவும்.