வெள்ளெழுத்து

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி பேசியது)



வயதாவதைக் குறித்துப் பேசும்படி செயலாளர் அம்மா கேட்டபோது, "எனக்கு 52தானே ஆகிறது, என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்தேன். பிறகு கை நீளம் போதவில்லை. 40 வயதை ஒட்டி கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்து எழுத்து மங்குகிறது. படிக்கிற கண்ணாடி போட்டால் போதும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கண்ணாடி போட்டால் கிழவி என்பார்களே என்றுதான் போடவில்லை. தலைக்கு மட்டும் தவறாமல் சாயம் பூசிக்கொண்டேன்.

அப்போது என் அம்மா எங்களோடு இருந்தார்கள். 78 வயது, சர்க்கரை வியாதி. மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. டாக்டர் அளவைக் குறைத்து 1 மில்லிகிராம் எழுதியிருந்தார். பழைய 2 மில்லிகிராம் அட்டையும் அதே டப்பாவில் கிடந்தது. ஒருநாள் காலை அதிலிருந்து கொடுத்துவிட்டேன். அன்று அம்மாவுக்கு வாய்க்கசப்பு. ஒரு இட்லிகூட முழுதாகச் சாப்பிடவில்லை.

பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, இறந்துபோன சித்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடிவந்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் தெளிந்தார்கள். ஆனாலும் இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள்.

அக்கா அந்த அட்டையை நீட்டி, "இதைப் படி, பார்ப்போம்" என்றார்கள். என்னால் படிக்க முடியவில்லை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. "நான் கண்ணாடி போட்டபோது எனக்கு 43. உன் ஆறாம் வகுப்பு மார்க்கைப் படிக்க முடியவில்லை, போட்டுக்கொண்டேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே எனக்கும் கண்ணாடி வந்தது. அம்மாவுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். அந்தக் கைகளில் இத்தனை சுருக்கம் எப்போது வந்தது? நான் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் வந்திருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன்.

சாயம் பூசுவதை இன்னும் விடவில்லை, சகோதரிகளே. அதைப் பற்றி வேறொரு கூட்டத்தில் பேசுகிறேன்.