கூட்டத்தின் எல்லை எது?

கண்டியை அடுத்த ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 சனவரியில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். தன்னலமே இயற்கையின் நியதி என்போர் இதற்கு யாது விடை பகர்வர்?

கூட்டத்துக்குள் தன்னலக்காரனே பிழைப்பான். ஆயினும் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டமே ஏனைய கூட்டங்களை வெல்லும் என 1871 இல் டார்வின் எழுதினார். உறவினர்க்காகச் செய்யும் தியாகத்தை 1964 இல் ஹாமில்டன் கணக்கிட்டு விளக்கினார். லயத்தில் வாழ்வோர் யாவரும் இரத்த உறவினரோ? அல்லர். அக்கணக்கு மட்டும் நமக்குப் போதாது.

வேலைநிறுத்தத்தன்று மலைக்குச் செல்லும் கருங்காலி அன்றைய கூலியையும் பெறுகிறான். பிறர் போராடிப் பெறும் உயர்வையும் பெறுகிறான். அத்தகையோர் பெருகின் சங்கம் அழியும். சங்கத்தின் விதியும் ஊரார் மதிப்புமே அந்த இலாபத்தைப் பறிப்பவை. தியாகம் தானே தழைப்பதன்று. அதற்கு வேலி வேண்டும்.

ஆனால் வேலியை எங்கே இடுவது? தன்னவரை நேசிக்கும் கூட்டம் அயலவரைப் பகைக்கவும் கூடும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை வேலிக்கு வெளியே நிறுத்தியது. அந்நியாயத்தை அனுபவித்த நாம் அதே பிழையைச் செய்யலாகாது. லயத்தாரும் அயற்கிராமத்துச் சிங்கள உழவரும் ஒரே கூட்டமென்று உணரும் நாளே நம் வெற்றி நாள்!