கழுத்தில் எழும்பும் வலியில்லாக் கட்டி

ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களில் கழுத்தில் கட்டி எழும்பினால் நம்மில் பலர் முதலில் பற்றுப் போட்டுப் பார்ப்போம். பல்வலியாலும் சளியாலும் வரும் கட்டிகள் தாமே வடிந்துவிடும். ஆனால் காதுக்குக் கீழே வலியே இல்லாமல் எழும்பி, மூன்று வாரமாகியும் வடியாத கட்டியை அப்படி விட்டுவிடலாகாது. மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் உண்டாகும் நாசித்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறுதான் முதலில் தலைகாட்டுகிறது. ஒரு பக்க மூக்கடைப்பு, ஒரு காதில் மட்டும் இரைச்சல், காலையில் காறும் சளியில் இரத்தக் கீற்று ஆகியனவும் இதன் அறிகுறிகளே.

மலேசியாவில் இந்நோய் சீனரிடையேயும் சரவாக்கின் பிடாயு மக்களிடையேயும் மிகுதி, இந்தியரிடையே குறைவு. குறைவு என்பதாலேயே நம்மவர் ஒருவருக்கு வரும்போது சந்தேகம் எழுவதற்கு நாளாகிவிடுகிறது.

இதற்குப் பின்னணியில் ஒரு வைரஸ் இருக்கிறது. 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்னும் மூவர், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் புற்றுக்கட்டியில் அதைக் கண்டறிந்தனர். நாசித்தொண்டைப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு பின்னர் புலப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அதனைப் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது.

"அப்படியானால் இது ஒட்டுநோயா? தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்கவேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். உலகில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வைரஸைச் சுமந்தே வாழ்கிறோம். எச்சில் வழியாகப் பெரும்பாலும் இளம் வயதிலேயே அது வந்துவிடுகிறது. புற்றாக மாறுவது மிகச் சிலருக்கே. பரம்பரைக் கூறும், குழந்தைப் பருவம் முதல் உண்ணும் சீனமுறை உப்புமீனும் துணை சேரும்போது ஆபத்துக் கூடுகிறது. வேறு முறையில் உப்பிட்ட மீனை அவ்வாறு குற்றஞ்சாட்டப் போதிய சான்று இல்லை. கருவாட்டுக் குழம்புப் பிரியர்கள் மூச்சு விட்டுக்கொள்ளலாம்!

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் பெற்று, மலாக்கா பெரிய மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் சென்றால், மெல்லிய குழாயை மூக்கினுள் செலுத்திப் பார்ப்பார்கள். ஐயமிருந்தால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி எளிதில் எட்டாத இடமாதலால் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஏழு வாரம் நடக்கும். நோய் முற்றியிருந்தால் மருந்தும் நரம்பு வழியே ஏற்றுவார்கள். முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள்.

ஏழு வாரம் என்பது நாட்கூலிக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகநல அதிகாரி இருப்பார். போக்குவரத்து, தங்குமிடம் பற்றி அவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கூலி போகிறதே என்று சிகிச்சையை நடுவில் நிறுத்துவதுதான் பெருங்கேடு.

கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கதிர்வீச்சால் எச்சில் சுரப்புக் குறைந்து வாய் வறளும்; பின்னர் பல் பிடுங்கினால், கதிர்வீச்சு பட்ட தாடையெலும்பில் புண் ஆறாமல் போகலாம். சிகிச்சை முடிந்தபின் தண்ணீர்ப் புட்டி எப்போதும் கையில் இருக்கட்டும்; சோற்றுக்கு ரசமோ மோரோ தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம்.