நீதிபதியும் நீதிக்கு உட்பட்டவரே
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



தன் தீர்ப்பு தவறென உணர்ந்த கணமே உயிர் துறந்த பாண்டியனின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய மனச்சான்று எல்லோரிடத்தும் அமைவதில்லை. ஆகவேதான் சட்டம் வேண்டியிருக்கிறது. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. தேர்தலில் நம் எண்ணிக்கை சிறிது. நீதிமன்றத்திலோ எண்ணிக்கைக்கு இடமில்லை, நியாயத்திற்கே இடம்.

நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்து நியமிக்க வேண்டுமென்பது நம் அரசியல் சட்டம். ‘கலந்தாலோசித்தல்’ என்ற ஒரு சொல்லின் பொருளைப் பற்றியே பெரும் வழக்குகள் நடந்தன. இறுதிச் சொல் அரசாங்கத்தினுடையது என்றது 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை என்றனர். 1998இன் விளக்கப்படி, உச்சநீதிமன்றத்திற்குரிய பெயர்களைத் தலைமை நீதிபதியும் மூத்தோர் நால்வரும் பரிந்துரைக்கின்றனர். இதற்கு மாற்றாகப் பாராளுமன்றம் 2014இல் வகுத்த ஆணையத்தை, 2015இல் உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

நியமனம் இவ்வாறாக, நீக்கமோ மிக அரிது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்களவையில் நூறு பேரோ, மாநிலங்களவையில் ஐம்பது பேரோ கையொப்பமிட வேண்டும். மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால், இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும், மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையினரும் இசைய வேண்டும். 1993இல் நீதிபதி வி. இராமசாமி மீது குழு பல குற்றங்களை உறுதி செய்தும், ஆளுங்கட்சியினர் வாக்களியாது ஒதுங்கியதால் தீர்மானம் தோற்றது. 2011இல் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க மாநிலங்களவை இசைந்தது. மக்களவை கூடி முடிவெடுக்குமுன் அவரே விலகிவிட்டார்.

இத்துணைக் கடுமை ஏன்? அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தவரை அரசு எளிதில் விரட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. அவ்வரண் இடியலாகாது. ஆனால் நீக்கத்திற்குக் குறைந்த தண்டனை எதனையும் அச்சட்டம் வகுக்கவில்லை என்பதே குறை. நீதிபதிகள் 1999 முதல் தமக்குள் நடத்திவரும் விசாரணை முறை பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று. அதன் அறிக்கைகளும் பெரும்பாலும் மக்கள் பார்வைக்கு வருவதில்லை.

அரசின் கை ஓங்காத ஒரு விசாரணை அமைப்பு, குற்றத்திற்கேற்ற படிப்படியான தண்டனை, முடிவுக்கான காரணங்களை வெளியிடுதல் ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டும். இதனால் நீதிபதியின் சுதந்திரம் குறையாது. மக்களின் நம்பிக்கை வளரும். அந்நம்பிக்கையன்றி நீதிமன்றத்திற்கு வேறு படை ஏது?