பழைய மாணவர்களும் பள்ளிக்கூட நிதியும்
(ஆம்பூர் வட்டாரத்து ஜனங்களுக்கான சொற்பொழிவு)



பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூர், தோலுக்கும் பாதரட்சைக்கும் பெயர் போன ஊர் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரியாணிக்கும் அப்பெயர் உண்டு. அது வேறு விஷயம். ஆனால் இவ்வூரின் ஹைஸ்கூல்களைப் பற்றி வெளியூரார் அதிகமாகப் பேசக் கேட்பதில்லை. முஸ்லிம் கல்விச் சங்கத்தாரின் மஜ்ஹருல் உலூம் பள்ளி, லூத்தரன் மிஷனைச் சார்ந்த கன்கார்டியா பள்ளி, ஹிந்து ஹைஸ்கூல் ஆகிய பெயர்கள் உள்ளூர்க் குடும்பங்களில் பாட்டன், தகப்பன், மகன் என்று வழிவழியாக வழங்கி வருபவை. துத்திப்பட்டு, மின்னூர், சோலூர் முதலான சுற்றுக் கிராமத்தாருக்கும் ஆம்பூர் சந்தைக்கு வரும் ஊராக மட்டுமின்றிப் படிக்க வரும் ஊராகவும் இருந்திருக்கிறது. இப்பள்ளிகளில் படித்து வெளியேறியவர்கள் இன்று சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டி முதல் பாரசீக வளைகுடா தேசங்கள் வரையில் பரவியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தாம் படித்த பள்ளிக்கும் உள்ள பந்தம் பணவிஷயத்தில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இங்கு எடுத்துக் கொள்ளப்படும் பொருள்.

ஊரார் பணம் திரட்டிப் பள்ளி நடத்துவது இப்பிரதேசத்துக்குப் புதிய காரியமன்று. அடுத்த ஊராகிய வாணியம்பாடியில் 1919-ஆம் வருஷத்தில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. ஆம்பூரில் 1969-இல் மஜ்ஹருல் உலூம் கல்லூரி ஏற்பட்டது. இவற்றின் பின்னணியில் சமூகக் கல்விச் சங்கங்களும் தோல் வியாபாரிகளின் கொடையும் நின்றன. தெற்கே விருதுநகரில் வியாபாரிகள் சரக்கின்மீது மகமை என்ற சிறு தொகையை எடுத்துவைத்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். அங்கே வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அவ்வரிசியைச் சேர்த்துப் பள்ளிக்கு உதவினார்கள். அவ்வாறு பேணப்பட்ட க்ஷத்ரிய வித்யாசாலையில்தான் காமராஜர் சிறுவராயிருந்தபோது படித்தார். பிடி அரிசி கொடுத்த வீட்டில் எவரும் ஏழையாகிவிடவில்லை. ஆனால் தினந்தோறும் கை தவறாமல் எடுத்து வைத்தார்கள். அதுதான் அம்முறையின் பலம்.

பழைய மாணவர் கொடையில் பெரும்பாலும் குறைவது இப்பலமேயாகும். இருபத்தைந்து வருஷம் சென்றபின் ஒரு வகுப்பார் ஒன்றுகூடுகிறார்கள். உபாத்தியாயர்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், உற்சாகம் பொங்கும் அவ்வேளையில் பெருந்தொகை ஒன்று வாக்களிக்கப்படுகிறது. அத்தொகை வளைவாகவோ, மேடையாகவோ, பெயர் பொறித்த பளிங்குக் கல்லாகவோ உருவெடுக்கிறது. அதற்கு மறு வருஷம் வெள்ளையடிக்கவும் ஆளில்லை. இது எந்த ஒரு பள்ளியையும் சுட்டிக் கூறுவதன்று. தமிழ்நாட்டில் எங்கும் காணக்கூடியதே.

வெளியூரில் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் தம் தலைமையாசிரியரைக் காண வருவதாக வைத்துக்கொள்ளலாம்.

"ஐயா, எங்கள் வகுப்பார் சேர்ந்து பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டித் தரலாம் என்றிருக்கிறோம். தாங்கள் உத்தரவு கொடுக்க வேண்டும்."

"சந்தோஷம், தம்பி. வளைவுக்கு எவ்வளவு ஆகும்?"

"மூன்று லட்சம் வரை ஆகலாம், ஐயா."

"நல்லது. பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. சுத்தம் செய்கிறவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. வளைவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதன் வழியாக உள்ளே வருகிற பெண் மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாளே, அதற்கு என்ன செய்யலாம் சொல்."

இச்சம்பாஷணை கற்பனையே. ஆயினும் அதிலுள்ள சங்கடம் கற்பனையன்று. சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர்களின் சம்பளத்தைச் சர்க்கார் கொடுத்து வருகிறது. கட்டடம், பெஞ்சு, குழாய், கழிப்பறை, காவற்காரர் முதலியவற்றின் பாரம் பெரும்பாலும் நிர்வாகத்தார் மேல் விழுகிறது. நிர்வாகத்தார் எல்லாரும் தனவந்தர்கள் அல்லர். ஆம்பூர் வட்டாரத்தில் தோல் தொழிலே பல நெருக்கடிகளைக் கண்டிருக்கிறது. 1973-க்குப் பின் அரைப்பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அளவு கட்டப்பட்டது. பாலாற்று நீர் கெட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்பளித்த பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் ஒரே முதலாளி தாமாகவே ஒரு வகுப்பறை கட்டித் தந்திருக்கலாம். அவருடைய பேரரும் அவ்வாறே செய்வார் என்று பள்ளி காத்திருக்க முடியாது.

தோலைப் பற்றி ஆம்பூராருக்கு வேறொருவர் பாடம் சொல்ல வேண்டாம். உரித்த தோலுக்கு உரிய நேரத்தில் உப்பிடாவிட்டால், பிறகு எத்தனை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டாலும் அது தேறாது. பள்ளிக்கூடக் கூரையில் ஓர் ஓடு நழுவியபோதே அதை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் போதும். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் உத்திரமே மாற்ற வேண்டியதாகிறது. அச்சில நூறு ரூபாய் தலைமையாசிரியர் கையில் அன்றைக்கே இருக்கவேண்டும். ஆகவே பள்ளிக்கு முதலில் வேண்டுவது பெருங்கொடை அன்று. வற்றாத சிறு நிதி.

கணக்கைப் பார்க்கலாம். ஒரு பள்ளியின் பழைய மாணவர்களில் 300 பேர் மாதம் ரூ.100 வீதம் கொடுத்தால் வருஷத்துக்கு ரூ.3,60,000 சேரும். அதில் பாதியை அவ்வருஷத்துச் செலவுக்கென்று ஒதுக்கி, மற்றப் பாதியைப் பாங்கில் நிரந்தர டிபாசிட்டாக வைத்தால், பத்து வருஷத்தில் வட்டி நீங்கலாகவே மூலதனம் ரூ.18 லட்சமாகும். அதன்பின் சந்தாதாரரில் சிலர் தவறினாலும் வட்டியைக் கொண்டே சில்லறைப் பழுதுகளைப் பார்த்துக் கொள்ளலாம். மேற்கூறிய வளைவுக்கான தொகைக்கும் ஒரு வருஷத்துச் சந்தாவுக்கும் பெரும் வித்தியாசமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ரூபாய் கொடுக்கும் ஷூ கம்பெனித் தொழிலாளியும் லட்சம் கொடுக்கும் ஏற்றுமதி வியாபாரியும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களே. சங்கத்தில் இருவருக்கும் ஒரு வாக்குத்தான் இருக்கவேண்டும். இதில் தளர்ச்சி கூடாது. பெருந்தொகை கொடுப்பவரே பள்ளியை ஆள்வதென்று ஏற்பட்டால் சிறுதொகை கொடுப்பவர் மெல்ல நழுவி விடுவார். அவருடன் நிதியின் உயிரும் போய்விடும்.

சந்தாதாரரைத் தேடும்போது ஆண்களை மட்டும் நாடுவது மற்றொரு குறை. படித்த பெண்கள் விவாகமாகி வேறூர் சென்றதும் அவர்களுடைய விலாசம் மறைந்து விடுகிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயரும் கிராமமும் உள்ளன. அவற்றைக் கொண்டு தாய்வீட்டில் விசாரித்தால் பலரைக் கண்டுபிடிக்கலாம். அவ்வாறே ஒரு சமூகத்தார் நடத்தும் பள்ளியில் பிற சமூகத்தவரும் படித்திருக்கிறார்கள். பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்து, தமக்கு அதில் பங்கில்லை என்று அவர்கள் எண்ணி ஒதுங்காதபடி முதலிலேயே சென்று அழைக்க வேண்டும்.

நிதி சேர்ந்தால் எதற்குச் செலவிடுவது? இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது, கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முயற்சியால் 1958-இல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. அவற்றின் முறை எளியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியரும் ஊராரும் முதலில் ஜாபிதா தயாரித்தார்கள். கரும்பலகை, நாற்காலி, தண்ணீர்ப் பானை, சுற்றுச்சுவர் என்று அதில் கண்டவற்றை ஊரார் தத்தம் சக்திக்கேற்றபடி ஏற்றுக்கொண்டார்கள். தேவை முன்னே, கொடை பின்னே என்பதே அதன் ஒழுங்கு. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆரம்பித்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்னும் திட்டமும் பழைய மாணவர்களின் உதவியைச் சர்க்கார் பள்ளிகளுக்குக் கொண்டு வருவதற்கே ஏற்பட்டது. இதனால் சர்க்காரின் கடமை குறைந்து விட்டதாக எவரும் கருதலாகாது. சர்க்கார் கொடுக்க வேண்டியதை மனுச்செய்து பெறுவதும் பழைய மாணவர் சங்கத்தின் வேலைகளில் ஒன்றே.

ஜாபிதாவில் குழாயும் கூரையும் தாமே ஏறிவிடும். அவை கண்ணுக்குத் தெரிபவை. தானாக ஏறாத ஒரு செலவு உண்டு. அது பாதியில் நின்றுவிடும் பிள்ளையைப் பற்றியது. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 14 வயது வரையில்தான், எட்டாம் வகுப்பு வரையில்தான், காக்கிறது. சைக்கிள் பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் அவள் காலேஜில் சேர்ந்த பின்னரே வருகிறது. ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் தகப்பனார் நோயில் விழுந்தாலோ, வீட்டில் கடன் முற்றினாலோ, அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். இவ்வட்டாரத்தில் ஷூ கம்பெனிகள் பெண்களுக்கு ஏராளமாக வேலை தருகின்றன. அது ஊருக்கு நன்மையே. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் வயது வந்து, படிப்பை முடித்துப் போகிறவளுக்கும், பரீட்சைக்கு முன் பெயரை வெட்டிக்கொண்டு குடும்பப் பாரத்துக்கென்று போகிறவளுக்கும் பின்வரும் முப்பது வருஷ ஜீவனம் ஒன்றாயிராது.

இத்தகைய பிள்ளையை முதலில் அறிபவர் வகுப்பாசிரியரே. தொடர்ந்து நான்கு நாள் வராவிட்டால் வீட்டுக்குச் சென்று விசாரிக்கவும், பரீட்சைக் கட்டணமோ, பஸ் இல்லாத கிராமமாயின் போக்குவரத்துச் செலவோ, ஒரு மாதத்து மளிகையோ கொடுத்துத் தாங்கவும் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். உதவி பெற்ற பிள்ளையின் பெயரை மேடையில் வாசிக்கக் கூடாது. புகைப்படமும் கூடாது. கணக்கில் 'மாணவர் சகாயம்' என்ற தலைப்பில் தொகை மட்டும் காணப்பட்டால் போதும். விவரம் தலைமையாசிரியரும் சங்கத்தார் இருவரும் அறிந்ததாக இருக்கட்டும். தருமம் வெளிப்பட்டால் கொடுத்தவருக்குப் பெருமை. வாங்கிய பெண்ணுக்கோ மறுநாள் வகுப்புக்கு வரவே கூசும்.

சட்ட விஷயம் சில சொல்ல வேண்டியிருக்கிறது. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன்பின் விதிகளும், வருஷாந்தரப் பொதுக்கூட்டமும், பதிவாளருக்கு அனுப்பும் கணக்கும் கட்டாயமாகும். பாங்குக் கணக்கு தனிப்பட்டவர் பெயரில் இராமல் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடிய வேண்டும். நண்பர் ஒருவருடைய செல்போன் இலக்கத்துக்குப் பணம் அனுப்பும் வழக்கம் எளிதாகத் தோன்றினாலும், பிற்பாடு நட்பையும் நிதியையும் சேர்த்தே கெடுக்கிறது.

அயல்நாட்டிலிருப்பவர் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்தும் இந்தியப் பிரஜையாகவே இருப்பவர், தம் சொந்தச் சம்பாத்தியத்தைப் பாங்கு மார்க்கமாக அனுப்பினால் அது அந்நிய நன்கொடையாகாது. பிறதேசப் பிரஜையாகிவிட்டவர் அனுப்புவது, அவர் ஆம்பூரிலேயே பிறந்தவராயினும், 2010-ஆம் வருஷத்து அந்நிய நன்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டது. அதைப் பெறுவதற்குச் சங்கம் முன்கூட்டியே பதிவோ அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-இல் செய்த திருத்தத்தின்படி அப்பணம் முதலில் புது டெல்லி ஸ்டேட் பாங்குப் பிரதான கிளையிலுள்ள கணக்கில்தான் வந்து சேரவேண்டும். நல்லெண்ணத்தோடு வாங்கிய தொகையே சங்கத்துக்குச் சங்கடமாக முடியாதிருக்க, ஒவ்வொரு சந்தாதாரரிடமும் எந்த நாட்டுப் பிரஜை என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

இவையெல்லாம் பெரிய ஏற்பாடுகளாகத் தோன்றி எவரும் மலைக்க வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் ஏழெட்டுப் பழைய மாணவர்கள் தலைமையாசிரியரைக் கண்டு, அவரோடு பள்ளியை ஒருமுறை சுற்றி வந்தால் ஜாபிதா அன்றைக்கே தயாராகிவிடும். பெண்பிள்ளைகளின் கழிப்பறையை ஆசிரியை ஒருவரும் பழைய மாணவி ஒருவரும் பார்த்து எழுதட்டும். முதல் மாதச் சந்தாவை அவ்வேழெட்டுப் பேரே செலுத்தி ரசீது பெறலாம். மாதந்தோறும் வரவு செலவைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிப் பள்ளி விளம்பரப் பலகையில் ஒட்டுவது காரியதரிசியின் பொறுப்பு. அந்தப் பலகை ஆபீசு அறைக்குள் இராமல், சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார் நின்று படிக்கக்கூடிய இடத்தில், வாசற்படிக்கு அருகே இருக்கவேண்டும்.