ஓய்வுக்குப் பிறகும் ஒரு வேலை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், 'பணி ஓய்வும் பொதுப்பணியும்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் அடிவாரத்தில் வீட்டுக்கு ஒரு ஓய்வூதியர் இருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது. மின்வாரியம், இரும்பாலை, தொலைபேசித் துறை, பள்ளிக்கூடம், என்னைப் போல வங்கி என்று எல்லாத் துறையினரும் இருக்கிறோம். அதனால் இன்று, மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்ல, இலங்கைக்காரர். பெயர் டி. ஜே. விமலசுரேந்திர. இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று அந்நாடு அவரைப் போற்றுகிறது.

இலங்கைக்காரருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் உழைத்த தேயிலை மலைகள்தான் அவர் வேலை பார்த்த இடம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா என்ற பெயர்கள், 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இன்றும் சொந்த ஊர்ப் பெயர்கள்தான்.

விமலசுரேந்திர 1874-இல் காலியில் பிறந்தவர். அரசுப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். களனி ஆற்றின் மேல்பகுதிகளில் சுற்றி வேலை பார்த்தபோது, லக்சபான, அபர்டீன் அருவிகளைக் கண்டார். நாம் கிளியூர் அருவிக்குப் போனால் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். அவர் அருவியைப் பார்த்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போட்டார். நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுக்க, பிளாக்பூல் என்ற இடத்தில் 1912-இல் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தையும் அமைத்துக் காட்டினார்.

பிறகு 1918-இல், இலங்கைப் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். பொருள், மின்சாரப் பயன்பாட்டின் பொருளாதாரம். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரண்டு ஆறுகளிலிருந்து நூறு மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்பது அவர் கணக்கு.

நான் பி.காம். படித்தவன். இதை என் பாஷையில் சொல்கிறேன். அனல் மின்சாரத்துக்கு நிலக்கரி தினசரிச் செலவு. நிலையம் ஓடும் வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீர்மின்சாரத்துக்கு அணை, குழாய், சுரங்கம் என்று முதலிலேயே பெரிய தொகை போட வேண்டும். அதன் பிறகு எரிபொருளுக்கு ஒரு காசு கிடையாது, மழை பார்த்துக்கொள்ளும். கடன் கொடுப்பவன் முதல் தொகையைப் பார்த்துப் பயப்படுவான். கணக்குத் தெரிந்தவன் முப்பது, நாற்பது வருடத்தைச் சேர்த்துப் பார்ப்பான்.

நம் பக்கத்தில் இது புதிதல்ல. காவிரியில் சிவசமுத்திரம் 1902-இலேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. 1937-இல் மேட்டூர் மின் நிலையம் வந்தது. இலங்கையிலோ 1924-இல் லக்சபான வேலை தொடங்கி, பணமில்லை என்று பாதியில் நின்றது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. திட்டம் கிடப்பில் கிடக்க, அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஐம்பத்தைந்து வயதைத் தொட்ட மனிதர். 'நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை' என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து புலம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1931-இல், இலங்கையில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்று நடந்த முதல் தேர்தலில், இரத்தினபுரித் தொகுதியில் நின்று அரசாங்க சபை உறுப்பினரானார். அலுவலகக் கோப்பில் நகராத திட்டத்தை மக்கள் மன்றத்தில் எடுத்துப் பேசினார். கோப்பு எழுதியவரே கேள்வி கேட்க வந்தால் என்ன பதில் சொல்ல முடியும்?

அப்படியும் உடனே நடக்கவில்லை. வேலை மறுபடி தொடங்கி, போரினால் தடைபட்டு, 1950-இல்தான் லக்சபான மின்சாரம் தந்தது. கட்டுரை படித்து முப்பத்திரண்டு வருடம். அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. 1953-இல் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965-இல் வந்த மின் நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்றும் அது விமலசுரேந்திர மின் நிலையம்தான்.

அன்பர்களே, நம்மிடம் யாரும் அணை கட்டச் சொல்லவில்லை. நம் பிரச்சினைகள் சிறியவை. தெருவிளக்கு எரியவில்லை, மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஓடை அடைத்து வீதிக்கு வருகிறது, மின்கம்பியில் மரக்கிளை உரசுகிறது. இவற்றைத் தீர்க்க, துறை உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அது ஓய்வூதியரிடம்தான் இருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். கம்பி, மின்மாற்றி, மின்னழுத்தம் மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்கு மின்னகம், 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் செய்யலாம். தெருவிளக்கு எரிய வைப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. இது தெரியாமல் தெருவிளக்குக்கு மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் விளக்கு எரியாது, நம் வயிறுதான் எரியும். புகார் எண்ணை வாங்கிக் குறித்து வைப்பது, பத்து நாள் கழித்து மறுபடி கேட்பது, பதில் எழுத்தில் வாங்குவது, இவ்வளவுதான் வேலை. முப்பது வருடம் கோப்பு பார்த்த நமக்கு இது கைவந்த கலை அல்லவா?

நம் சங்கத்தில் செயற்குழுவுக்கு ஆள் தேடினால் எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுகிறோம். 'இந்த வயசில் எதுக்கு?' என்ற பதில் நம் எல்லோர் வாயிலும் வருகிறது. விமலசுரேந்திர தேர்தலில் நின்றபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. இங்கே வாசிக்கும் உங்களில் பலருக்கு அதைவிடச் சில வயதுதான் கூடுதல்.

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த துறையில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். ஓடைக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், குடிநீருக்கு ஒருவர். வங்கி, ஓய்வூதியம், வாரிசு நியமனம் பற்றிய சந்தேகங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், பாஸ்புக்கோடு வாருங்கள்.